லாரி வராத பாதை: வாசகர் கேள்வி பதில்

பிரான்ஸ் கிராமப்புறத்தில் மோட்டார் வண்டி நுழையாத பாதைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இருக்கின்றன, அதில் ரசிக்கத்தக்கவை பலவும் தார் போடாத கிராவல் பாதைகள்தான், அந்தப் பக்கம் போகிற நம்மூர்க்காரர்கள் ஐஃபல் கோபுரத்தோடு திரும்பிவிடாமல் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்: என் மகன் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் வேலையாக இருக்கிறான், வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். எனக்கு 63 வயது. சின்ன வயதிலிருந்து சைக்கிள்தான், ஆனால் இப்போது திருச்சி–ராமேஸ்வரம் ரோட்டில் ஏறவே பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதிய பாதையில் நிஜமாகவே வண்டி வராதா, இல்லை 'வண்டி குறைவு' என்பதைத்தான் அப்படி எழுதினீர்களா?

நிஜமாகவே வராது ஐயா. அது சட்டம். 'வுவா வெர்த்' என்று அவர்கள் சொல்கிற பசுமைப் பாதையை 2004-ல் அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்: நடப்பவர், குதிரையில் போகிறவர், மோட்டார் இல்லாத வண்டி, இவற்றுக்கு மட்டும். பாதை ஒரு ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களில் பெரும்பாலும் மரத்தாலோ இரும்பாலோ தடுப்பு இருக்கும், சைக்கிள் நுழையும், கார் நுழையாது. பராமரிப்பு வண்டிக்குப் பூட்டைத் திறந்து விடுவார்கள், சில இடங்களில் பக்கத்து வயல்காரரின் டிராக்டர் அனுமதியோடு வரும். அவ்வளவுதான்.

இப்படி ஒரு பாதை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரும். 1879-ல் ஃப்ரேசினே என்ற அமைச்சர், நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் ரயில் விடவேண்டும் என்று ஒரு பெரிய திட்டம் போட்டார். ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் புதுப் பாதை. மலைக்கிராமம், சந்தை ஊர், எல்லாவற்றுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போனது. பிறகு காரும் பஸ்ஸும் வந்தன, அந்தச் சின்ன லைன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், ஆனால் கீழே கொட்டியிருந்த கல் மேடை, பாலம், சுரங்கம் எல்லாம் அப்படியே கிடந்தன. அந்த மேடையின் மேல் பொடிக்கல் பரப்பி ரோலர் ஓட்டியதுதான் பல இடங்களில் இன்றைய பாதை. 1997-ல் பர்கண்டி வட்டாரத்தில் ழிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே திறந்தது இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது, அது தார் போட்டது.

ரயில் ஓடிய பாதை என்பதால் உங்கள் வயதுக்கு ஒரு பெரிய லாபம்: ஏற்றம் இருந்தாலும் முழங்கால் உணராது. நீராவி எஞ்சின் இழுக்கமுடியாத மேட்டில் அவர்கள் தண்டவாளம் போடவில்லை. நூறு மீட்டர் போனால் மூன்று மீட்டர் ஏற்றம் என்பதே செங்குத்து என்று சொல்லவேண்டும். அதுவும் கஷ்டம் என்றால் மிதித்தால் மட்டும் உதவி செய்கிற மின் சைக்கிள் எடுங்கள், மணிக்கு 25 கிலோமீட்டரோடு உதவியை நிறுத்திக்கொள்கிற வகையைச் சட்டம் சைக்கிளாகவே கணக்கில் வைக்கிறது, பசுமைப் பாதையில் தடை இல்லை.

மகன் துலூஸில் இருக்கிறார் என்றீர்களே, அங்கிருந்து மஸாமேக்கு நேராக ரயில் உண்டு. மஸாமேயிலிருந்து பெதாரியூ வரை 'பாஸா பாயிஸ்' என்று ஒரு பாதை, சுமார் 80 கிலோமீட்டர், முழுக்கப் பழைய ரயில் பாதை, பெரும்பகுதி கிராவல். எனக்கு பிரான்ஸில் ஒரே ஒரு பாதையைத்தான் இன்னொரு முறை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன். வடக்கே மலைக்காடு, தெற்கே வெயில் காய்கிற பள்ளத்தாக்கு, நடுவே நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் விழுகிற மழை அட்லாண்டிக்குக்குப் போகிறது, அந்தப் பக்கம் விழுவது மத்தியதரைக் கடலுக்கு. அந்த மேட்டைத் தாண்டியதும் மரம், கூரை ஓடு, வெளிச்சம் எல்லாமே மாறுவது கண்ணுக்குத் தெரியும். வழியில் ஒரு சுரங்கம் முக்கால் கிலோமீட்டர் நீளம். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே நுழைந்த பத்தாவது மிதியில் கை மயிர் சிலிர்க்கும், பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சட்டையில் விழும், நம் சக்கரச் சத்தம் நமக்கே பின்னாலிருந்து யாரோ வருகிற மாதிரிக் கேட்கும். விளக்கு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஒலார்க் என்ற ஊரில் இரவு தங்குங்கள், ஆறு வளைந்து ஓடுகிற குன்றின் மேல் அமைந்த பழைய ஊர், இலையுதிர்காலத்தில் கஷ்கொட்டை வறுக்கிற வாசனை தெருவெல்லாம் வரும். மறுநாள் பெதாரியூவில் பெஸியே நகரம் போகிற ரயிலைப் பிடித்து, அங்கே துலூஸ் ரயில் மாறி மகன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கிராமங்களை இணைக்கிற இந்த வட்டார ரயில்களில் சைக்கிளைப் பெரும்பாலும் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். அதிவேக ரயிலிலும் தொலைதூர ரயிலிலும் என்றால் முன்பதிவும் கட்டணமும் உண்டு.

காரைக்குடிக் கல்லூரி மாணவர்: அண்ணே, இதுக்குத் தனியா கிராவல் பைக் வாங்கணுமா? விலை லட்சத்தைத் தொடுது. என்கிட்ட இருக்கிறது சாதாரண ஹைப்ரிட்.

வேண்டாம் தம்பி. அந்தக் காசில் டிக்கெட் எடுத்துவிடலாம்.

டயர்தான் விஷயம். 38 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும், உன் ஹைப்ரிட்டில் அந்த அளவு டயர் உள்ளே இடிக்காமல் சுற்றுகிறதா என்று மட்டும் பார். பழைய ரயில் பாதை, கால்வாய்க் கரை இரண்டிலும் மேலே இருப்பது நைசாக உடைத்த கல்லும் கல்பொடியும் கலந்து அழுத்தியது. காய்ந்தால் சிமெண்ட் தரை போல ஓடும், ஆனால் சுண்ணாம்புக்கல் வட்டாரத்தில் மழை பெய்தால் வெள்ளைச் சகதி செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும், சாயங்காலம் தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாமல் படுக்கக் கூடாது. நம்மூர் செம்மண் கிராவல் வேறு ரகம், அதில் சின்னச் சின்ன உருண்டைக் கல் மேலே உதிரியாகக் கிடக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் சக்கரம் நழுவும். நம்மூரில் பழகிய கைக்கு அங்கே ஓட்டுவது சுலபம், அதை நான் தைரியமாகச் சொல்வேன்.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்க்கில் 'ஃபுல்லா அடிங்கண்ணே' என்று கல்லுப் போல அடித்துக்கொண்டு போகாதே. 40 மில்லிமீட்டர் டயருக்கு எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தால் 40 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரத்தில் இருந்தால் போதும். டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் கல்லைப் பிடித்து ஓடும், மணிக்கட்டும் வலிக்காது. பஞ்சரைப் பொறுத்தவரை அங்கே இலையுதிர்காலத்தில் வேலிச்செடியை எந்திரத்தால் வெட்டிவிடுவார்கள், அந்த முள் பாதையில் கிடக்கும். நம் சீமைக்கருவேல முள்ளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. உன்னுடையது டியூப்லெஸ் போடக்கூடிய ரிம் என்றால் போட்டு, உள்ளே சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கிற திரவம்) ஊற்றிக்கொள். அதை இங்கே காரைக்குடியிலேயே செய்து ஆறு வாரம் கண்மாய்க்கரையில் ஓட்டிப் பார், நம் முள்ளில் தேறினால் எங்கும் தேறும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி: நானும் வீட்டுக்காரரும் போகலாம் என்றிருக்கிறோம். கால்வாய் ஓரமாகவே ஒரு வாரம் ஓட்டலாம் என்கிறார்களே, எந்தக் கால்வாய் நல்லது? நாங்கள் சைவம், சாப்பாடு என்ன செய்வது?

ஆச்சி, இரண்டு கால்வாய்களைச் சொல்கிறேன், இரண்டும் இரண்டு குணம்.

முதலாவது கனால் து மிதி. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் சேத் வரை 240 கிலோமீட்டர். 1666-ல் அரசர் ஆணை போட்டார், 1681-ல் திறந்தார்கள். கட்டியவர் பியேர்-போல் ரிக்கே, உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த மனிதர், பொறியாளர் இல்லை. கால்வாய் ஒரு மேட்டைத் தாண்டிப் போகவேண்டும், மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதில்தான் அதற்கு முன்னால் எல்லோரும் தோற்றார்கள். ரிக்கே என்ன செய்தார் தெரியுமா, தொலைவில் இருந்த கருமலை ஓடைகளை மறித்து, செயின்ட் ஃபெரியோல் என்ற இடத்தில் ஏரி கட்டி, அங்கிருந்து நம் கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டுகிற மாதிரியே வெட்டித் தண்ணீரை அந்த மேட்டு உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பிரித்துவிட்டார். நோரூஸ் என்ற அந்த இடத்தில் இறங்கி நின்று பாருங்கள், கண்மாய் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மனிதர் மேல் ஒரு தனி மரியாதை வரும். திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை, அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். 1996-ல் யுனெஸ்கோ இந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஓட்டுவதற்கு என்று பார்த்தால், துலூஸ் பக்கம் முதல் 50 கிலோமீட்டர் தார் போட்ட நல்ல பாதை, அதைத் தாண்டினால் பல இடங்களில் வெறும் மண், ஒற்றையடிப் பாதை, மரவேர். சில பகுதிகளைச் சீர்செய்துகொண்டிருக்கிறார்கள். கரையில் நின்ற 'பிளேன்' என்ற நிழல் மரங்கள் 42,000, அவற்றில் 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் பரவி ஆயிரக்கணக்கில் வெட்டவேண்டியதாகிவிட்டது. அதனால் படத்தில் பார்க்கிற நிழல் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, பிரான்ஸின் வடமேற்கு மூலையில் பிரிட்டனி வட்டாரத்தில் நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய். நெப்போலியன் காலத்தில், ப்ரெஸ்ட் துறைமுகத்தை ஆங்கிலேயக் கப்பல்கள் கடல் வழியில் மறித்துவிட்டால் உள்நாட்டு வழியாகச் சரக்கு அனுப்பவேண்டும் என்று 1811-ல் தொடங்கினார்கள். முடிந்தது 1842-ல், அதற்குள் நெப்போலியனும் போய்விட்டார், சண்டையும் போய்விட்டது. சுமார் 360 கிலோமீட்டர், தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்குகிற மதகுகள் இருநூறுக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காவல்காரர் வீடு, வாசலில் பூந்தொட்டி. அந்தக் காலத்தில் குதிரையும் ஆளும் படகை இழுத்துப்போன கரைதான் இப்போது சைக்கிள் பாதை, நைசான மணல் கலந்து அழுத்தியது, அகலமானது, நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். நடுவில் கெர்லெதான் அணை கட்டியபோது கால்வாயில் ஒரு துண்டு நீரில் மூழ்கிவிட்டது, அங்கே மட்டும் சுற்றிப் போகவேண்டும்.

உங்கள் இருவருக்கும் என் சிபாரிசு இதுதான். முழுதும் வேண்டாம், ரெதோனிலிருந்து போந்திவி வரை போதும். நடுவில் ஜோஸ்லான் வரும், ஆற்றிலிருந்து நேராக எழுந்து நிற்கிற மூன்று வட்டக் கோபுரங்கள் கொண்ட கோட்டை. நாளுக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள், கால்வாய்க் கரையில் வேகமாகப் போகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. மழை எந்த மாதமும் வரும், மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வழி சொல்கிறேன். 'ழீத்' என்று அடுப்படியோடு வீடு வாடகைக்குக் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் உண்டு, ராத்திரி ஒரு ரசம் வைத்துவிட்டால் முடிந்தது. தூளை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். பகலில் ரொட்டி, பழம், சீஸ். ஆனால் சுத்த சைவம் என்றால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும், அந்த நாட்டுப் பாரம்பரிய சீஸ்களில் பலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். சைக்கிள் பையில் வைக்க நம் மாவுருண்டையைப் போல ஒன்று அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது, பாசிப்பருப்பும் நெய்யும் இரண்டு மணி நேரம் பசி தாங்கும். டப்பாவில் இறுக்கி அடுக்குங்கள், கிராவலில் குலுங்கினால் பொடியாகிவிடும்.

தங்கும் இடத்தில் 'அக்கோய் வேலோ' என்ற பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவை, சைக்கிளைப் பூட்டிவைக்க இடம், பழுதுபார்க்கச் சாமான் எல்லாம் வைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

புதுவயலிலிருந்து: கிராமப் பாதை என்றால் வழியில் தண்ணீர், டீக்கடை?

டீக்கடையை மறந்துவிடுங்கள். நம்மூரில் மூணு கிலோமீட்டருக்கு ஒரு பெட்டிக்கடை என்று பழகிய ஆளுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி, அங்கே பல கிராமங்களில் ஒரு கடை கூட இருக்காது, இருக்கிற ரொட்டிக்கடையும் மத்தியானம் மூடிவிடும், திங்கட்கிழமை பலவும் திறப்பதே இல்லை. காலையில் ஊரை விட்டுக் கிளம்பும்போதே மதியத்துக்கும் வாங்கிவிடவேண்டும்.

தண்ணீருக்கு அந்த நாட்டுச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்கிற வழி ஒன்று உண்டு: இடுகாடு. ஒவ்வொரு ஊரிலும் இருக்கும், கல்லறைப் பூச்செடிக்கு ஊற்ற வாசலருகே ஒரு குழாய் இருக்கும். நமக்கு மனசு ஒப்பாது, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, ஆனால் ஊர்க்காரர்கள் தவறாக நினைப்பதில்லை, அமைதியாகப் போய்ப் பிடித்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு வந்தால் சரி. 'நோன் போத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாத தண்ணீர்.

கோட்டையூர் வாசகர்: பிரான்ஸ் எல்லாம் இருக்கட்டும். நம் செட்டிநாட்டில் இப்படி ஒரு பாதை ஏன் இல்லை? வருமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ரயில் பாதை நமக்கு ஆகாது, அதற்கு நான் வருத்தப்படவும் மாட்டேன். காரைக்குடி–பட்டுக்கோட்டை–திருவாரூர் மீட்டர் கேஜ் லைன் நின்றபோது இனி அவ்வளவுதான் என்று பேசினார்கள், அகலப் பாதையாக்கி மறுபடி ரயில் விட்டுவிட்டார்கள். ரயில் ஓடுகிற இடத்தில் ரயில்தான் ஓடவேண்டும். ஆனால் கால்வாய்க்கு நிகராக நம்மிடம் கண்மாய்க்கரை இருக்கிறது. மேடான, தட்டையான, ஒரு பக்கம் தண்ணீரும் மறு பக்கம் வயலும் பார்த்துக்கொண்டு போகிற செம்மண் பாதை, மடை, கலிங்கு, கரையில் பனை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கண்மாய் நிறைந்து கிடக்கிற மார்கழிக் காலையில் ஆறரை மணிக்கு அந்தக் கரையில் ஓட்டியவர்களுக்கு, பிரான்ஸில் அப்படி என்ன பெரிதாக இருக்கிறது என்று தோன்றுவது நியாயம்தான்.

அங்கே இருப்பது பாதுகாப்பு. ஒரு துண்டு நிலத்தை ஒரே நீளமாக வைத்துக்கொண்டு, இது மோட்டாருக்கு இல்லை என்று முடிவு செய்து, முடிவை ஒரு தடுப்பால் நிலைநிறுத்தினார்கள். நம் கரையில் பைக் போகிறது, மணல் வண்டி போகிறது, கரை சரிகிறது, கருவேலம் மூடிக்கொள்கிறது. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடம், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடம். கரையை மராமத்து செய்ய ஜேசிபி வரவேண்டும், அதனால் நிரந்தரமாக அடைக்க முடியாது. கரையின் இரு முனையிலும் ஆளும் சைக்கிளும் போகிற இடைவெளியில் கல் ஊன்றி, நடுவில் பூட்டுப் போட்ட இரும்புக் குழாய் ஒன்று, சாவி ஊராட்சியில். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறதே, அதில் ஒரு கண்மாய்க்கு மட்டும் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆடு மாடு ஓட்டுகிறவர்கள், வயலுக்கு நடந்து போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், இவர்கள்தான் முதல் பயனாளிகள், என்னைப் போன்ற சைக்கிள்காரர் கடைசிதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன, வீடு பார்க்க வருகிறவர்களை ஏசி காரில் ஊருக்கு ஊர் கொண்டுபோய் இறக்குகிறோம். ஆத்தங்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சைக்கிளில் ஒரே காலையில் தொட்டுவிடக்கூடிய ஊர்கள். நடுவில் உள்ள கரைகளை இணைத்தால் போதும்.

அரியக்குடியிலிருந்து: அக்டோபரில் போகிறேன். காட்டுப் பாதையில் பயம் ஏதாவது உண்டா?

நாய்த் தொல்லை நம்மூரில் பாதி கூட இல்லை. வேட்டைதான் கவனிக்கவேண்டியது. செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம், ஞாயிற்றுக்கிழமை அதிகம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை வைத்திருந்தால் வேட்டை நடக்கிறது என்று அர்த்தம், அந்தக் காட்டுக்குள் போகாமல் வேறு வழி பாருங்கள், எப்படியும் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். ரயில் பாதையிலும் கால்வாய்க் கரையிலும் இந்தக் கவலை குறைவு.

மற்றபடி வலது பக்கம் ஓட்டவேண்டும், இது இரண்டு நாளில் பழகிவிடும், ஆனால் தடுப்பைத் தாண்டி ரோட்டைக் கடக்கும்போது கண் பழக்கத்தில் தப்பான பக்கம் பார்க்கும், அங்கே காலை ஊன்றி நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள். மணி கட்டாயம், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டையும் கட்டாயம். அவசரத்துக்கு 112. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அன்றிலிருந்து ஐந்தரை, ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். தங்கும் ஊரை அதற்குத் தகுந்தபடி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.